சேத்தக்காவும் பசித்த சேறும்

சேற்றுக்குப் பசிக்குமா?

எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருக்கும் சேத்தக்கா ஒருநாள் மாடிப்படியில் நின்று இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். பரீட்சையில் வராத கேள்வி என்று சொல்லி மழுப்பிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அன்று அவள் சொல்லத் தொடங்கியதை, பிறகு அவ்வப்போது கேட்டு நிரப்பிக்கொண்டு எழுதுகிறேன். இனி வருவது அவள் கதை.

சேத்தக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரியின் கரையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே அவள் உதவியாளர். படகில் போய், ஆள் கை நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஏரியின் அடியில் இறக்கி, சேற்றையும் அதன்மேல் நிற்கும் தண்ணீரையும் கலையாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். கை கொஞ்சம் ஆடினால் போதும், குழாய்க்குள் எல்லாம் கலங்கிக் காப்பிபோல் ஆகிவிடும். அவள் கையில் கலங்காது. ஆய்வுக்கூடத்துப் படகுக்காரர் ஒருநாள், "சேறு நம்ம பேச்சைக் கேக்காது, அக்கா பேச்சைத்தான் கேக்கும்" என்றார். அன்றிலிருந்து சேத்தக்கா.

கை ஆடாதவள், மனசு மட்டும் ஓயாமல் ஆடும். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள், படியிறங்குவாள், மறுபடி ஏறி இழுத்துப் பார்ப்பாள். அவள் கணவர் தையல்காரர். வாசலை ஒட்டிய அறையில்தான் அவர் மெஷின். எதையும் கேலியாகவே பார்க்கிற மனிதர்.

"நீ இழுத்து இழுத்தே பூட்டு தேஞ்சு போச்சு" என்பார். "இனிமே திருடன் வந்தா சாவிகூட வேண்டாம். உன் பேரைச் சொன்னா அதுவே திறந்துக்கும்."

"நீங்க ஒருநாள் திறந்து போட்டுட்டுப் போனீங்களே, அப்போ?"

"அப்போ திருடன் வந்து பார்த்துட்டு, பாவம்னு ஏதாவது வெச்சுட்டுப் போயிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே போய்ப் பூட்டை இன்னொரு தடவை இழுப்பாள்.

இந்தக் குணம்தான் கதைக்கே காரணம். சில வருடங்களுக்கு முன்னால், குழாயை அடைக்கும் ரப்பர் மூடி ஒன்றில் பூஞ்சை படிந்திருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாக இருக்கும் பெண் அதிகாரியை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சுத்தம் இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். கேட்டவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு மூடியின் அடிப்பக்கத்தையும், குழாய் வாயின் உள்விளிம்பையும், ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்ததைக் காயவிட வேண்டும். காயவிட்டால் தூசி விழுமே என்று அவளுக்குப் பயம். ஈரத்தோடே அடைத்துவிடுவாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அந்த நாட்களில் அவர்கள் பெரும்பாலும் பார்த்தது ஊர்ச் சாக்கடை வந்து சேரும் வாய்க்காலின் சேறு. கன்னங்கரேலென்று, மூக்கைப் பிடிக்க வைக்கும் சேறு. அதில் ஸ்பிரிட்டால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஏரி அப்படி இல்லை. கரையோரம் படகிலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஊர்க்காரர்கள் முதலில் ஏரியைத்தான் காட்டுவார்கள். மேடம் மட்டும் தலையை ஆட்டுவார். "தெளிவா இருக்குன்னா வளமான ஏரின்னு நினைக்கிறாங்க. இது பரம ஏழை. தண்ணியில சத்து இல்ல, அதனால பாசி இல்ல. பாசி இல்லாததால அடியில விழுந்து மட்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. அடியில இருக்கறதுங்க எல்லாம் அரைப் பட்டினி."

அடியில் இருப்பவை என்று அவர் சொன்னது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை. சேத்தக்கா அதை எனக்கு விளக்கிய விதம் இது. சேற்றின் மேல் தோலில் ஒரு கூட்டம் குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அது நைட்ரேட்டாக மாற்றும். அந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். அதற்கும் கீழே, ஆக்சிஜன் எட்டாத இடத்தில், இன்னொரு கூட்டம். அங்கே மூச்சுவிட வேறு வழி இல்லாததால், அது நைட்ரேட்டை மூச்சாக இழுத்து, வெறும் நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். அந்த வாயு மேலே ஏறிக் காற்றோடு காற்றாகப் போய்விடும், யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு யாரால் வேலை செய்ய முடியும்? வயிற்றுக்கும் வேண்டுமே. கீழே இருக்கும் கூட்டத்துக்குச் சாப்பாடு மட்கிய இலையும் செத்த பாசியும்தான். ஏழை ஏரியில் அதற்கு எங்கே போவது? அங்கே சேறுகூடக் கறுப்பாக இருக்காது. விரல் ஆழத்துக்குத் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். தின்ன ஆள் இல்லாததால் ஆக்சிஜன் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது தம்பிக்கு வருவோம்.

சேத்தக்காவுக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. வெல்டிங் வேலை. பேருந்துப் பணிமனையில் நல்ல பெயரோடு இருந்தான். நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து ஏரியில் மிதக்கும் கூண்டுகள் போட்டு மீன் வளர்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. ஆசை என்றால் சாதாரண ஆசை அல்ல, சாப்பிடும்போதும் கூண்டு, தூங்கும்போதும் கூண்டு. வேலையை விட்டுவிட்டு, ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டுக்குச் சட்டம் செய்ய ஆரம்பித்துவிட்டான். அனுமதி இன்னும் வரவில்லை.

"முதல்ல அனுமதி வரட்டுமேடா" என்றாள் அக்கா.

"அனுமதி வந்தபிறகு செஞ்சா மீன் வயசாகிச் செத்துடும்க்கா."

அனுமதி தர வேண்டியது குடிநீர் வாரியம். அவர்கள் மேடத்திடம் ஒரே கேள்வி கேட்டார்கள். மீன்கள் போடும் கழிவையும் மிஞ்சும் தீனியையும் ஏரியின் அடி தாங்குமா, தாங்காதா? அதிலிருந்து வரும் நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கிக் கூடிக்கொண்டே போனால், அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தத்தில் ஆக்சிஜன் ஓடாமல் உடம்பு நீலமாகிவிடும். மேடம் இதை அவளிடம் சொன்னபோது, சேத்தக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது தம்பியின் குழந்தை. புட்டிப்பால்தான் குடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், கூண்டு போடக் கேக்கிறவங்கள்ல என் தம்பியும் இருக்கான்" என்று அவள் முன்கூட்டியே சொன்னாள். மனசில் வைத்துக்கொள்ள அவளால் முடியாது.

"இருக்கட்டும். நைட்ரேட்டுக்கு அக்கா தம்பி தெரியாது" என்றார் மேடம்.

சோதனை இப்படி. ஏரியிலிருந்து எடுத்த குழாய்களில், மேலே நிற்கும் தண்ணீரில் கொஞ்சம் நைட்ரேட்டைக் கலந்து, ஏரியின் குளிர்ச்சியிலேயே இருட்டு அலமாரியில் வைக்க வேண்டும். அவ்வப்போது ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்து சேர்த்தால் ரோஜா நிறம் வரும். நைட்ரேட் நிறைய இருந்தால் நிறம் அடர்த்தி. குறையக் குறைய நிறம் வெளுக்கும். முழுதும் வெளுத்தால், சேறு எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று பொருள்.

முதல் தடவை எடுத்த குழாய்கள் அருமையாக வெளுத்தன. மேடத்துக்கே ஆச்சரியம். "இவ்வளவு ஏழைச் சேறு இவ்வளவு வேலை செய்யுமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாரியத்திலிருந்து விசாரித்தபோது, நல்லபடியாகத் தெரிகிறது, இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த "நல்லபடியாக" என்ற ஒரு சொல் எப்படியோ தம்பியின் காதுக்குப் போய்விட்டது. அன்று மாலை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "மாமா, உங்க வீட்டம்மா கையிலதான் என் தலையெழுத்து இருக்கு. ஒழுங்கா டீ போட்டுக் குடுங்க அவங்களுக்கு" என்றான்.

"நான் போட்ட டீயைக் குடிச்சா கை நடுங்கும்டா. அப்புறம் உன் சேறு கலங்கிடும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் அதிகம் சிரித்தாள் என்று சொன்னாள். அதுதான் கடைசியாக மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது.

இரண்டாம் தடவை போன அன்று ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போயிருந்தார். துடைக்காமல் எப்படி அடைப்பது என்று அவள் தவித்தாள். வேறு வழி இல்லாமல் ஏரித் தண்ணீரிலேயே மூடிகளை அலசி அடைத்தாள். போதாக்குறைக்கு, திரும்பும் வழியில் படகின் என்ஜின் நின்று, குழாய்கள் கொஞ்ச நேரம் வெயிலில் இருந்தன. அவள் தன் துப்பட்டாவை எடுத்து அவற்றின்மேல் போர்த்தினாள்.

அந்தக் குழாய்களில் ரோஜா நிறம் அசையவே இல்லை. முதல் நாள் இருந்தபடியே கடைசி நாளும் இருந்தது.

"வெயில் பட்டு உள்ள இருக்கிறதெல்லாம் செத்துப்போச்சு போல. இந்த செட்டைக் கணக்குல சேர்க்க வேண்டாம்" என்றார் மேடம். அவருக்கும் ஏமாற்றம்தான். ஆனால் வாரியக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

சேத்தக்கா வேறு மாதிரி நினைத்தாள். துடைக்காமல் அடைத்ததால்தான் கெட்டுப்போயிற்று, அழுக்கு உள்ளே போய்விட்டது, எல்லாம் தன்னால்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் குற்ற உணர்வில் அடுத்த தடவைக்கு ஸ்பிரிட்டை இரண்டு மடங்கு எடுத்துவைத்தாள். அந்தப் பாட்டிலோடு படகில் ஏறியபோது படகுக்காரர் மூக்கைச் சுளித்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போன தடவை சேத்துக்குச் சரக்கு ஊத்தல, அதனால வேலை செய்யாமப் படுத்துடுச்சு. இன்னைக்குப் பாட்டில் வந்துடுச்சு. இனிமே பாருங்க, எப்படி ஓடி ஓடி வேலை பார்க்குதுன்னு."

அவர் சொன்னது வழக்கமான கேலி. சொல்லிவிட்டு என்ஜினைக் கிளப்பப் போய்விட்டார். சேத்தக்கா கையிலிருந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

மேடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பட்டினி கிடக்கும் அந்தக் கூட்டத்துக்குச் சர்க்கரை, வினிகர், சாராயம், எது கிடைத்தாலும் விருந்துதான். ஸ்பிரிட்டும் சாராய இனம்தான். மூடியின் அடியிலும் விளிம்பிலும் ஒட்டியிருக்கும் ஸ்பிரிட் தண்ணீரில் சொட்டி, கரைந்து, சேற்றுக்குள் இறங்கியிருந்தால்? வாய்க்கால் சேறு வயிறு நிறைந்த சேறு, அதற்கு அந்தச் சொட்டு ஒரு பொருட்டே இல்லை. ஏரியின் சேறு அப்படியா? அப்படியானால் கெட்டுப்போனது இரண்டாவது செட் இல்லை. முதல் செட். தான் போட்ட தீனியைத் தின்றுவிட்டுத்தான் அது நைட்ரேட்டை விழுங்கியது. ஏரியில் யார் போய் ஸ்பிரிட் ஊற்றப் போகிறார்கள்?

அன்று அவள் எடுத்த குழாய்களில் பாதியை ஸ்பிரிட்டால் துடைத்து அடைத்தாள். பாதியை ஏரித் தண்ணீரால் அலசி மட்டும் அடைத்தாள். படகுக்காரரிடம் என்ஜினை மெதுவாக ஓட்டச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே நிழலில் வைத்துக் கொண்டுவந்தாள். மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு இன்னும் என்ன இருக்கிறது, வெறும் பயம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு சில நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பூட்டை இழுத்துப் பார்ப்பதுகூட நின்றுபோயிற்று. அது கணவருக்கே பயத்தைக் கொடுத்தது. "என்ன, பூட்டைச் சும்மா விட்டுட்டுப் போற? உடம்பு சரியில்லையா?" என்றார். அவள் ஒன்றுமில்லை என்றாள். தம்பி தினமும் வந்தான். வரும்போதே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னக்கா, வெளுத்துச்சா?" என்பான். நிறம் வெளுக்கும் சங்கதி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவள், பார்க்கணும்டா, பார்க்கணும்டா என்று சொல்லிச் சமாளித்தாள்.

அவளுக்கு ஒரு நினைப்பு வந்ததை மறைக்காமல் என்னிடம் சொன்னாள். ஸ்பிரிட் சங்கதி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால், முதல் செட்டின் கணக்கு அப்படியே வாரியத்துக்குப் போகும். தம்பியின் கூண்டு ஏரியில் மிதக்கும். தப்பு என்று கண்டுபிடிக்கவே பல வருடம் ஆகலாம், கண்டுபிடிக்காமலே போகலாம். இந்த நினைப்பு வந்ததும் ஒரு நொடி நிம்மதியாக இருந்தது என்றும், அடுத்த நொடி தன்மீதே அருவருப்பு வந்தது என்றும் சொன்னாள்.

ஒருநாள் காலையில் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலிருந்தும் தண்ணீர் எடுத்து மருந்து சேர்த்து, சின்னக் கண்ணாடிக் குப்பிகளை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஸ்பிரிட் பட்டவை எல்லாம் தண்ணீர் நிறம். படாதவை எல்லாம் நல்ல ரோஜா நிறம். ஒரு குப்பியாவது மாறி நிற்காதா என்று பார்த்தாள். எதுவும் மாறி நிற்கவில்லை.

மேடம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் வெளியே வந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து, தம்பியின் கொட்டகை வாசலில் போய் நின்றாள். அவனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் அவன் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். அவன் கண்ணாடி முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். முதல் கூண்டின் சட்டம் வட்டமாகத் தரையில் கிடந்தது. கொட்டகைக்குள் கொள்ளாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தக்கா. இந்த முனையைக் கொஞ்சம் புடி. ஆடாமப் புடிக்க உன்னை விட்டா ஆள் இல்ல."

அவள் பிடித்தாள். ஆடாமல் பிடித்தாள். அவன் பற்றவைக்கும்போது பொறி பறந்தது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அடுத்த கூண்டைப் பற்றிப் பேசினான், வலை எங்கே வாங்குவது என்று பேசினான், குழந்தைக்குப் பல் முளைக்கப் போகிறது என்று பேசினான். அவள் வாய் திறப்பதற்குள் அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"எதுக்குக்கா வந்த? ஏதாவது சொல்லணுமா?"

"இல்லடா. சும்மாதான்."

அந்த "சும்மாதான்" என்ற சொல்லை நினைத்து அவள் இன்றும் தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

மேடத்திடம் சொல்வதற்கு அவளுக்குச் சிரமமாக இல்லை. ஜன்னல் ஓரக் குப்பிகளைக் காட்டினாள், பாட்டிலைக் காட்டினாள், பூஞ்சை கண்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்திருந்தாள். மேடம் ஒரு மூடியை எடுத்து மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சுத்தம் பத்தலன்னு நான்தான் சொன்னேனா?"

"ஆமா மேடம்."

"சொல்லிட்டு, எப்படிச் சுத்தம் பண்றீங்கன்னு ஒருநாளும் பார்க்கல." மூடியை மேஜைமேல் வைத்தார். "வாரியத்துல ஏற்கனவே நல்லபடியா இருக்குன்னு வாயை விட்டுட்டேன். கூட்டத்துல நான் சொல்லிக்கிறேன். நீங்களும் வாங்க. ஏதாவது கேட்டா, துடைச்ச விதத்தை நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

வாரியத்தின் மாடி ஹாலில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்குமேல் சத்தமிடும் மின்விசிறி, காகிதக் குவளைகளில் ஆறிப்போன டீ. மேஜையின் ஒரு பக்கம் வாரியத்தினர், எதிர்ப் பக்கம் தம்பியும் அவன் நண்பர்களும். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரித்தான். அவள் டீக்குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். முன்னால் சொன்னது தப்பு. எங்களுக்கே தெரியாமல் சேற்றுக்குத் தீனி போட்டுவிட்டோம். தீனி இல்லாத குழாய்களில் நைட்ரேட் குறையவே இல்லை. இந்த ஏரியின் அடிக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

தம்பி எழுந்தான். அவன் முட்டாள் இல்லை. "மேடம், தீனி போட்டா வேலை செய்யுதுன்னா, மீன் போடுற கழிவே அதுக்குத் தீனி ஆகாதா?"

ஹாலில் பலர் தலையாட்டினார்கள். சேத்தக்காவுக்கும் அந்தக் கேள்வி சுரீரென்று உறைத்தது. தான் அதை நினைக்கவே இல்லையே என்று தோன்றியது. ஒரு நொடி அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது.

"ஆகும்" என்றார் மேடம். "ஆனா கழிவு மட்கும்போது முதல்ல ஆக்சிஜனைத் தின்னும். மேல இருக்கிற கூட்டம் மூச்சு முட்டி வேலையை நிறுத்திடும். அமோனியா நைட்ரேட்டாவே மாறாது. கீழ இருக்கிற கூட்டத்துக்கு அப்போ சாப்பாடு இருக்கும், மூச்சு இருக்காது. அமோனியா தண்ணியிலயே தங்கிடும். அப்படித்தான் ஆகும்னு நான் அடிச்சுச் சொல்லல. எந்தப் பக்கம் சாயும்னு எனக்கு இப்போ தெரியாது. தெரியாததை வெச்சு ஊரே குடிக்கிற தண்ணியில கை வைக்க முடியாது."

வாரியத் தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு குனிந்து பேசினார். ஒரு வருடம் முழுக்க, எல்லாப் பருவத்திலும் சோதித்துப் பார்த்தபிறகுதான் அனுமதியைப் பற்றிப் பேச்சு என்றார். தம்பியின் நண்பர் ஒருவர், அதுவரை சட்டம் துருப்பிடித்துப் போகுமே என்று முனகினார்.

"இந்தத் தப்பை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டான் தம்பி. குரல் அமைதியாகத்தான் இருந்தது.

மேடத்துக்கு அந்தக் குடும்பத்தின் உள்விவகாரம் என்ன தெரியும்? தன் கீழே வேலை செய்பவளைக் கூட்டத்தின் முன்னால் பாராட்ட இதுதான் சந்தர்ப்பம் என்று நினைத்துவிட்டார். "உங்க அக்காதான். பெருமைப்படணும் நீங்க" என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் எழுந்துவிட்டாள்.

"கொட்டகைக்கு வந்தியே. கையில சட்டத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்டா. சொல்லத்தான் வந்தேன். நீ கேளு, அந்த ஸ்பிரிட் இருக்குல்ல, நான் ஈரத்தோட அடைச்சுட்டேன், அது..."

"எனக்கு எதிரா சொல்றதுக்கு இந்த ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?" என்றான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான். அவள் பின்னால் ஓடினாள். படியில் அவன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அதன்பிறகும் வீட்டுக்கு வந்தான், வராமல் இல்லை. ஆனால் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் தையல்காரர் வழியாகவே சொன்னான்.

"மாமா, உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. குழந்தையோட குல்லா ஒண்ணு இங்க இருக்காம், எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"ஏன்டா, அவ இங்கதானே நிக்கறா. நான் என்ன தபால்காரனா?" என்றார் அவர். கேலிக்குத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவள் குல்லாவை எடுத்துவந்து மெஷின்மேல் வைத்தாள். அவன் அதை மெஷினிலிருந்து எடுத்துக்கொண்டான்.

கொஞ்ச நாளில் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அங்கே யாரோ ஒருவருடைய பட்டறையில் வேலை. விசேஷம் என்றால் மாமாவுக்குப் போன் செய்கிறான். அக்கா நன்றாக இருக்கிறாளா என்று கேட்கிறான். போனை அவளிடம் கொடுக்கட்டுமா என்றால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறான்.

சேத்தக்கா இன்னும் ஏரிக்குப் போகிறாள். ஒரு வருடச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. மூடிகளை ஏரித் தண்ணீரில் மட்டும் அலசுகிறாள், அதை இப்போது மேடமும் பக்கத்தில் நின்று பார்க்கிறார். முடிவு எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கூண்டுகளை மட்டும் தாங்கும் என்று வந்தால் தம்பி திரும்பி வருவானா என்று அவள் நினைக்கிறாள். தாங்காது என்று வந்தால் தான் செய்தது சரி என்று ஆகிவிடும், அதுவும் அவளுக்கு வேண்டாம். எது வர வேண்டும் என்று ஆசைப்படுவது என்றே தெரியாமல் ஒவ்வொரு முறையும் அந்த ரோஜா நிறத்தைப் பார்க்கிறாள். அவளுக்கு இப்போது கைகூடக் கொஞ்சம் ஆடுகிறது என்று படகுக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அவள் சொல்ல வந்ததை அவன் முழுதாகக் கேட்கவே இல்லை. ஸ்பிரிட் என்ற சொல்லோடு எழுந்து போய்விட்டான். அவன் குழந்தையின் பால்புட்டியை நினைத்துத்தான் அவள் வாயைத் திறந்தாள் என்று இதுவரை யாரும் அவனிடம் சொல்லவில்லை. கொட்டகைக்கு ஏன் வந்தாள், ஏன் சொல்லாமல் திரும்பினாள் என்பதும் அவனுக்குத் தெரியாது. அவள் எழுதினால் பிரிக்க மாட்டான், கூப்பிட்டால் எடுக்க மாட்டான்.

அதனால்தான் எழுதினேன். இதைப் படித்த நீங்கள் இன்னொருவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு ஒருவரிடம் சொல்லட்டும். உங்கள் ஊர்ப் பட்டறையில், இரும்புக் குழாயை அழகாக வட்டமாக வளைக்கத் தெரிந்த, ஏரியைப் பற்றிப் பேச்செடுத்தால் பேசாமல் போய்விடுகிற ஒரு வெல்டர் இருந்தால், அவர் காதில் விழும்படியாகவே சொல்லுங்கள். நடுவில் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் மிச்சத்தைச் சொல்லுங்கள்.